மட்டக்களப்பில் ஓர் ஓய்வு நாள்: நண்பர்களோடு நெடுந்தூரம் பைக்கில் போகிறவர்களுக்கு

ஓய்வு நாள் என்றால் ஒரே கட்டிலில் இரண்டு இரவு தூங்குவது. ஓர் இரவு தங்கி, மறுநாள் மத்தியானம் வரை ஊர் சுற்றிவிட்டுப் பின்னேரம் பையைக் கட்டுவது ஓய்வு ஆகாது. முதல் தடவை இலங்கையைச் சுற்றப் புறப்படுகிறவர்கள் பலரும் திட்டத்தில் ஓய்வு நாள் என்று எழுதிவிட்டு, அன்றைக்கே நூற்றைம்பது கிலோமீற்றர் ஓடிவிடுகிறார்கள். அதன் விளைவு அடுத்த நாள் வீதியில் தெரியும். சிக்னலை அணைக்க மறப்பார்கள், பிறேக்கைப் பிந்திப் பிடிப்பார்கள், நல்ல நண்பர்களே ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிக்கொள்வார்கள்.

நாளை நான்காகப் பிரியுங்கள். காலையில் முதல் இரண்டரை மணித்தியாலம் பைக்குக்கு. அதன்பிறகு பின்னேரம் நான்கு மணி வரை உடம்புக்கு. நான்கிலிருந்து ஆறரை வரை ஊருக்கு. இரவில் ஒரு மணித்தியாலம் அடுத்த நாள் ஓட்டத்துக்கு. இந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம். பைக் வேலையைப் பின்னேரத்துக்குத் தள்ளினால், பழுது ஒன்று தெரியவரும் நேரத்தில் உதிரிப்பாகக் கடை பூட்டியிருக்கும்.

எத்தனையாவது நாள், எந்த ஊர்

125 அல்லது 150 சிசி பைக்கில் ஒரு நாளைக்கு 200 கிலோமீற்றர் அளவில் ஓடுகிறவர்களுக்கு மூன்று ஓட்ட நாளுக்கு ஓர் ஓய்வு நாள் வேண்டும். பின்னால் ஆள் இருந்தால், ஸ்கூட்டர் ஒன்று கூட வந்தால், அல்லது மலைநாட்டு வளைவுகளைக் கடந்து வந்திருந்தால் இரண்டு நாளுக்கு ஒன்று.

மட்டக்களப்பு இதற்குப் பொருத்தமான ஊர். திருகோணமலையிலிருந்து வருகிற ஏ15 வீதி, ஹபரணை, பொலன்னறுவைப் பக்கமிருந்து வருகிற ஏ11, பதுளையிலிருந்து மகாஓயா வழியாகச் செங்கலடிக்கு இறங்குகிற ஏ5, பொத்துவிலிலிருந்து கரையோரமாக வருகிற ஏ4 எல்லாம் இந்தப் பக்கத்தில்தான் சேருகின்றன. நகருக்குள் கராஜ், பாகக் கடை, டயர் கடை, போதனா வைத்தியசாலை எல்லாம் கிட்டக் கிட்ட இருக்கின்றன. வீதி முழுக்கச் சமதரை என்பதால் திருத்திய பைக்கை ஓட்டிப் பார்ப்பதும் சுகம். அறுகம்பேயில் கடலும் சாப்பாடும் நன்றாக இருக்கும், ஆனால் கிளச் கேபிள் ஒன்று அறுந்தால் சாமானுக்காகப் பொத்துவிலுக்கோ அதைத் தாண்டி அக்கரைப்பற்றுக்கோ போகவேண்டி வரலாம். அம்பாறை மாவட்டத்தில்தான் நிற்பது என்றால் கல்முனை நல்லது. பெரிய சந்தை, வரிசையாகக் கடைகள், இரண்டு அரச வைத்தியசாலைகள் அங்கே உண்டு.

எந்தக் கிழமை நிற்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் காத்தான்குடி, ஏறாவூர், சாய்ந்தமருது, நிந்தவூர் ஊர்களில் கடைகள் பூட்டியிருக்கும், கராஜும் அப்படித்தான். நோன்பு மாதத்தில் அந்த ஊர்களில் பகல் சாப்பாட்டுக் கடையை நம்பிப் போக வேண்டாம். நோன்பு திறந்த பிறகு போனால் ஊரே விழித்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டக்களப்பு நகரில் பாகக் கடைகள் பல திறக்காது. போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாளில் இறைச்சிக் கடையும் மதுக்கடையும் பூட்டு. ஆடி அமாவாசைக்கு முந்திய நாட்களில் அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயில் திருவிழா நடப்பதால் நகரில் றூம் கிடைப்பது கஷ்டம். செவ்வாய், புதன், வியாழன் மூன்றில் ஒன்றை ஓய்வு நாளாக வைத்தால் இந்தத் தொல்லைகளில் பெரும்பகுதி குறையும்.

வந்து சேருகிற பின்னேரம்

ஓய்வு நாள் முதல் நாள் பின்னேரமே தொடங்குகிறது. ஐந்து மணிக்குள் ஊருக்குள் வாருங்கள். வெளிச்சம் இருக்கும்போது றூமைப் பார்த்தால்தான் பைக் நிறுத்துகிற இடமும் தெரியும். கேட்டுக்குள் நிறுத்தலாமா, கூரை இருக்கிறதா, தரை சீமெந்தா மணலா என்று பாருங்கள். கல்லடி, நாவலடிப் பக்கம் வளவுகள் எல்லாம் கடற்கரை மணல். சைட் ஸ்டாண்ட் இரவில் மெல்ல மெல்ல இறங்கிப் பைக் சாயும். உள்ளங்கை அளவில் ஒரு தட்டைக் கல்லோ பலகைத் துண்டோ ஸ்டாண்டின் கீழ் வையுங்கள். சென்டர் ஸ்டாண்ட் இருந்தால் அதன் இரண்டு காலுக்கும் ஒரே பலகை.

கடற்கரையோடு ஒட்டிய கிணறுகளில் சில இடங்களில் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும். குளிக்கக் குறையில்லை, பைக் கழுவ ஆகாது. றூம்கார அக்காவிடம் குழாய்த் தண்ணீரா கிணற்றுத் தண்ணீரா என்று கேளுங்கள். நாக்கில் ஒரு சொட்டு வைத்தாலே தெரிந்துவிடும்.

ஹெல்மெட்டைக் கழற்றின கையோடு செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. ஆளுக்கு ஒரு துண்டுத் தாள் எடுத்து, அன்றைக்கு ஓடும்போது பைக்கில் உணர்ந்த குறைகளை எழுதுங்கள். மூன்றாம் கியர் இறுக்கம், முன் பிறேக்கில் கீச் சத்தம், அறுபதுக்கு மேல் ஹாண்டில் நடுக்கம், ஹோர்ன் விட்டு விட்டு அடிக்கிறது, இப்படி. குளித்துச் சாப்பிட்டுப் படுத்து எழும்பினால் இதில் பாதி மறந்துபோகும். நாளைக்குக் கராஜில் "என்னவோ ஒரு சத்தம் வருது" என்று சொன்னால் மெக்கானிக் தேவையில்லாததை எல்லாம் கழற்றுவார்.

உடுப்பை அன்றிரவே தோய்த்துப் போடுங்கள். கடற்காற்றில் ஈரம் இருப்பதால் தடித்த ஜீன்ஸ் காய ஒரு முழுப் பகல் வேண்டும். ஹெல்மெட் உள்மெத்தை கழற்றக்கூடியது என்றால் ஷாம்பு போட்டுக் கையால் கசக்கி நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் அதன் ஸ்பொஞ்சு கெட்டியாகி உதிரத் தொடங்கும்.

காலை: பைக் வேலை

ஆறு மணிக்கே தொடங்குங்கள். இரவு முழுக்க நின்ற பைக் குளிர்ந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. நால்வர் நான்கு பைக் என்றால் ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் செய்யாமல், இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து ஒவ்வொரு பைக்காக முடியுங்கள். ஒருவர் கண்ணுக்குத் தப்புவது மற்றவருக்குத் தெரியும்.

எடுத்துவைக்க வேண்டியவை: பைக் ஒன்றுக்கு 200 மில்லிலீற்றர் மண்ணெண்ணெய், பழைய பல்துலக்கி இரண்டு, கிழிந்த சேட்டுத் துணி, 90 கியர் ஒயில் அல்லது செயின் ஸ்பிறே, காற்று அளக்கும் கேஜ், 10, 12, 14 ஸ்பானர்களோடு பின் சில்லு அச்சு நட்டுக்கான பெரிய ஸ்பானர், ஒரு வாளி, கொஞ்சம் ஷாம்பு, ஒரு பழைய கடதாசி மட்டை.

முதலில் டயர். பைக்கை எடுக்கும் முன்பே காற்றை அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலை குறைந்த காற்றில் ஓடுவீர்கள். பல்சர் 150 போன்ற பைக்கில் முன்னுக்கு 25, பின்னுக்குத் தனியே ஓடினால் 28, ஆளோ பாரமோ இருந்தால் 32. மற்றப் பைக்குகளுக்குச் செயின் கவரிலோ பின் சில்லைத் தாங்குகிற பின் கையிலோ (ஸ்விங் ஆர்ம்) ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பாருங்கள். ஒரே இரவில் ஒரு டயரில் மட்டும் மூன்று நான்கு பிஎஸ்ஐ குறைந்திருந்தால் ஆணி ஏறியிருக்கிறது, அல்லது வால்வு கசிகிறது. ஷாம்புத் தண்ணீரை வால்வு வாயிலும் டயர் முழுக்கவும் தடவுங்கள், குமிழி காட்டிக்கொடுக்கும். டயர் பள்ளத்துக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். தேய்ந்து தேய்ந்து டயர் அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்திருந்தால் அடுத்த மழைக்குள் மாற்றவேண்டும்.

அடுத்தது கழுவல். கரையோரமாக வந்த பைக்கில் உப்பு படிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, செயினிலும் ஸ்போக்கிலும் செம்மண் நிறத்தில் மெல்லிய துரு வந்த பிறகுதான் தெரியும். நல்ல தண்ணீரால் மேலிருந்து கீழாக ஊற்றுங்கள், ஷாம்பால் துடையுங்கள், மறுபடி ஊற்றுங்கள். சேர்விஸ் கடைக்குப் போனால் பிறஷர் தண்ணீரைச் சில்லு அச்சு, ஹாண்டில் கழுத்து, சாவித் துவாரம், சைலன்சர் வாய் நான்கையும் நோக்கி அடிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பெயாரிங்குக்குள் தண்ணீர் புகுந்தால் கிறீஸ் கழுவுப்பட்டு, இருநூறு முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் உறுமல் சத்தம் தொடங்கும். அந்த நேரத்தில் நீங்கள் காட்டுப் பாதையில் நிற்பீர்கள்.

இனிச் செயின். இதற்குக் குறைந்தது அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள், ஏனென்றால் நெடும்பயணத்தில் அதிகம் பேரை நடுவழியில் நிறுத்துவது இதுதான்.

1. பைக்கை சென்டர் ஸ்டாண்டில் போட்டு நியூட்ரலில் வையுங்கள். எஞ்சினை ஓடவிட்டுச் செயின் துடைக்கக் கூடாது. பற்சில்லுக்கும் செயினுக்கும் இடையில் விரல் போனால் திரும்பி வராது. சில்லைக் கையால் சுற்றுங்கள்.

2. பின் டயருக்கும் டிஸ்க்குக்கும் முன்னால் கடதாசி மட்டையைப் பிடியுங்கள். பல்துலக்கியை மண்ணெண்ணெயில் தோய்த்துச் செயினின் நான்கு பக்கமும் தேயுங்கள். பெற்றோல் வேண்டாம். ஓ-ரிங் செயின் என்றால் அதன் ரப்பர் வளையங்களைப் பெற்றோல் கெடுக்கும், சாதாரணச் செயினில் உள் எண்ணெயையும் சேர்த்துக் கழுவிவிடும்.

3. துணியால் துடைத்து, பத்து நிமிடம் காயவிட்டு, பிறகு தொய்வை அளவுங்கள். கீழ்ச் செயினின் நடுப்பகுதியை விரலால் மேலும் கீழும் தள்ளினால் மொத்த அசைவு 25 முதல் 30 மில்லிமீற்றர் இருக்கவேண்டும். இந்த வகுப்புப் பைக்குகள் பலவற்றுக்கு இது சரிவரும். ஸ்டிக்கர் வேறு சொன்னால் அதைப் பின்பற்றுங்கள். முழுக் கவர் போட்ட பைக்கில் கவரிலுள்ள ரப்பர் மூடியைக் கழற்றிப் பாருங்கள். சில்லைச் சுற்றிச் சுற்றி மூன்று நான்கு இடத்தில் அளக்க வேண்டும். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரித் தேயாது, இறுக்கமான இடத்தை வைத்துத்தான் சரிசெய்வது.

4. தொய்வு கூட இருந்தால் அச்சு நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் கால் சுற்றுக் கால் சுற்றாகச் சமமாகத் திருப்புங்கள். பின் கையில் உள்ள கோடுகள் இரண்டு பக்கமும் ஒரே இலக்கத்தில் நிற்கவேண்டும். நட்டை இறுக்கிய பிறகு மறுபடி அளவுங்கள், இறுக்கும்போது அது மாறும். பின்னுக்கு ட்ரம் பிறேக் என்றால் பிறேக் மிதியின் விளையாட்டும் (பிறேக் பிடிக்கும் முன் மிதி சும்மா அசைகிற அளவு) மாறியிருக்கும், அதையும் சரிசெய்யுங்கள்.

5. கியர் ஒயிலைச் செயினின் உள்பக்கமாக, ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டாக விடுங்கள். சில்லு சுற்றும்போது அது தானாக வெளிப்பக்கம் பரவும். அரை மணித்தியாலம் விட்டு மேல் வழிவதைத் துடையுங்கள்.

புதியவர்கள் இரண்டு தவறு செய்வதுண்டு. செயினை அதிகம் இறுக்குவது ஒன்று. பையும் பின் ஆளும் ஏறினால் பின் சில்லு மேலே போய்ச் செயின் இன்னும் இழுபடும். அந்த இழுவை கியர்ப் பெட்டிப் பெயாரிங்கில் விழுகிறது. மற்றது, செயினுக்கு மேலால் கிறீஸ் அப்புவது. கல்லடிக் கரையிலோ பாசிக்குடாவிலோ ஒரு தடவை மணலில் இறக்கினால் போதும். மணலும் கிறீஸும் சேர்ந்து பற்சில்லை அரம் போட்டது போல அராவிவிடும். ஒயில் போட்ட அன்று மணலுக்குள் பைக்கை இறக்கவே வேண்டாம்.

மிச்சத்தை வேகமாகப் பார்க்கலாம். டிஸ்க்கைப் பிடிக்கிற பிறேக் பாட்களில் ஒன்றரை மில்லிமீற்றர் அளவுக்குக் கீழே சரக்கு இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். இந்த ஊரில் கிடைக்கிறது, அடுத்த ஊரில் கிடைக்கும் என்று இருக்க வேண்டாம். கிளச் கைப்பிடியின் அடியில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் விளையாட்டு இருக்கவேண்டும். கேபிள் முனையில் ஓர் இழை அறுந்திருந்தாலும் புதிதாகப் போடுங்கள். எஞ்சின் ஒயிலை, பைக்கை நிமிர்த்தி, ஓடி நிறுத்தி இரண்டு மூன்று நிமிடம் கழித்துப் பாருங்கள். குறைந்திருந்தால் அதே தர ஒயிலை ஊற்றுங்கள். கார் ஒயில் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், இந்தப் பைக்குகளில் கிளச் தட்டுகள் அதே ஒயிலில்தான் ஊறுகின்றன, வழுக்கத் தொடங்கும். சைலன்சர் போல்ட், பின் ராக், கண்ணாடி, இலக்கத் தகடு, ஸ்டாண்ட் ஆணி எல்லாவற்றையும் முதலில் கையால் ஆட்டிப் பார்த்து, ஆடுவதை மட்டும் ஸ்பானரால் இறுக்குங்கள். அலுமினியத்தில் இறங்கும் போல்டுகளை வலு போட்டு முறுக்கினால் மரை போய்விடும்.

கராஜுக்குப் போவது எழுதிவைத்த தாளில் உங்களால் தீர்க்க முடியாதது இருந்தால் மட்டும். போனால் வேலையைக் குறித்துச் சொல்லுங்கள்: "அண்ணன், முன் பிறேக் சத்தத்த மட்டும் பாருங்க, வேற ஒண்டும் கழட்ட வேணாம்." நல்லாக ஓடுகிற காபரேட்டரை "டியூன்" பண்ணக் கொடுக்காதீர்கள். நடுப்பயணத்தில் புதிய சைலன்சர், புதிய லைட், புதிய ஹாண்டில் எதுவும் பூட்டாதீர்கள். புதுச் சாமான் தரும் தொல்லைகளை வீட்டுக்குக் கிட்ட இருக்கும்போது தாங்கலாம், பயணத்தில் தாங்க முடியாது.

எட்டரைக்குப் பிறகு: உடம்பு

சாரத்தைக் கட்டிக்கொள்ளுங்கள், பெண்கள் தளர்ந்த பருத்தி உடுப்பு. இருக்கையில் தேய்ந்து சிவந்த தோலுக்குக் காற்றுப் படுவதைவிட நல்ல மருந்து இல்லை. கழுவி, ஒற்றித் துடைத்து, காயவிட்டால் பெரும்பாலும் ஒரு பகலில் ஆறும். கொப்புளம் உடைந்திருந்தால் பார்மசியில் காட்டி மருந்து வாங்குங்கள். அடுத்த நாள் மடிப்பில்லாத, தையல் தடிக்காத உள்ளுடுப்புப் போடுங்கள்.

கை விரல் மரத்துப் போகிறவர்கள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து ஓட்டுகிறார்கள் என்று அர்த்தம். கிளச், பிறேக் நெம்புகள் முன்கையோடு ஒரே நேர்கோட்டில் சற்றுக் கீழே சாய்ந்து இருக்கும்படி திருப்பிக்கொடுத்தால் பாதி குறையும். ஓய்வு நாளிலும் மரப்பு விடவில்லை என்றால் வைத்தியரைப் பாருங்கள்.

தண்ணீர் விஷயத்தில் கிழக்கு வெயில் ஏமாற்றும். ஓடும்போது காற்றில் வியர்வை காய்ந்துவிடுவதால் எவ்வளவு இழந்தோம் என்று தெரியாது. சிறுநீர் கடும் மஞ்சளாக இருந்தால் இன்னும் போதவில்லை. தலையிடியும் சோர்வும் இருந்தால் ஜீவனி என்கிற உப்புக் கரைசல் தூள் பக்கெற் ஒன்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் முழுதாகக் கரைத்துச் சிறிது சிறிதாகக் குடியுங்கள். பாதிப் பக்கெற், பாதிப் போத்தல் என்று கண்ணளவில் கரைக்கக் கூடாது, உப்பின் அளவு பிழைக்கும். 24 மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. மற்றபடி செவ்விளநீர், மோர், கஞ்சி போதும். நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இவற்றிலும் தங்கள் வைத்தியர் சொன்ன அளவைத்தான் பார்க்கவேண்டும்.

மத்தியானச் சாப்பாட்டைத்தான் இந்த நாளின் பெரிய விருந்தாக வையுங்கள். தங்குமிடத்தில் அடுப்புத் தருவார்கள் என்றால் ஆறு பேருக்கு ஒரு கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ மீன், தேங்காய் இரண்டு கணக்குச் சரிவரும். காலை ஏழு மணிக்குள் சந்தைக்கு ஒருவர் போகட்டும். விளைமீன், பாரை, ஓரா எது புதிதாக இருக்கிறதோ அதை வாங்குங்கள். செவுள் சிவப்பாகவும் கண் குமிழ்ந்தும் இருக்கவேண்டும், விரலால் அமத்தினால் குழி நிற்கக்கூடாது. வாவி இறாலும் நண்டும் மலிவாகக் கிடைத்தால் ஆசை வரும். குழுவில் யாருக்காவது ஒவ்வாமை உண்டா என்று முதலில் கேளுங்கள். குழம்பில் புளியையும் உறைப்பையும் பாதியாக்குங்கள். நாளைக்கு ஆறு மணித்தியாலம் இருக்கையில் இருக்கப்போகிற வயிறு அது.

சமைக்க மனமில்லை என்றால் காத்தான்குடி ஐந்தாறு கிலோமீற்றர்தான். ஆறு பேர் ஒரு பெரிய தட்டைச் சுற்றியிருந்து சாப்பிடுகிற சஹன் சாப்பாட்டுக்கு முதல் நாளே சொல்லிவையுங்கள். நண்பர்கள் கூட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான சாப்பாடு இந்தக் கரையில் இல்லை. எருமைத் தயிர் மண் சட்டியில் வரும், கித்துள் பாணியோடு அன்றைக்கே சாப்பிட்டு முடியுங்கள். சட்டியைப் பைக்கில் கட்டிக்கொண்டு போக முயல வேண்டாம், முதல் பள்ளத்திலேயே வெடிக்கும்.

பிறகு தூக்கம். மூன்று மணிக்கு முன் எழும்பிவிடுங்கள், இல்லையென்றால் இரவுத் தூக்கம் கெடும். மதுவைப் பற்றி ஒரு வார்த்தை: ஓய்வு நாள் இரவில் குடித்தால் தூக்கமும் உடம்பின் நீரும் இரண்டும் போகும், காலையில் இரத்தத்தில் மிச்சம் இருக்கும். நாளைக்கு ஓட்டுகிறவர் இன்றைக்குத் தொடவே கூடாது என்பதைக் குழுவில் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளுங்கள்.

நண்பர்களுக்குள்

மூன்று நாள் ஒன்றாக ஓடினவர்களுக்கு ஒரு பகலில் இரண்டு மணித்தியாலமாவது ஆளுக்கு ஆள் தனியே விடுங்கள். ஒருவர் தூங்கட்டும், ஒருவர் வீட்டுக்குப் போன் எடுக்கட்டும், ஒருவர் சலூனுக்குப் போகட்டும். எல்லாரும் எல்லாவற்றையும் சேர்ந்தே செய்யவேண்டும் என்று இழுத்தால்தான் சண்டை வரும்.

காசுக் கணக்கைச் சாப்பாட்டுக்குப் பிறகு முடியுங்கள். பெற்றோல், றூம், சாப்பாடு மூன்றையும் பொதுப் பணத்திலிருந்தும், பைக் திருத்தச் செலவை அவரவர் கையிலிருந்தும் கொடுப்பது என்ற முறை நன்றாக ஓடுகிறது. யாரிடம் பணம் குறைந்துவிட்டது என்று தெரிந்தால் அதை எல்லார் முன்னும் பேசவேண்டாம். மிச்ச நாட்களின் றூமையும் சாப்பாட்டையும் சத்தமில்லாமல் ஒரு படி இறக்குங்கள்.

ஓட்ட ஒழுங்கையும் இன்றைக்கே பேசுங்கள். வழி தெரிந்தவர் முதலாவது, ஆக மெதுவாக ஓடுகிறவர் இரண்டாவது, கருவிப் பை வைத்திருக்கிறவர் கடைசி. மெதுவானவரைக் கடைசியில் விட்டால் அவர் பிடிக்கவேண்டும் என்று தன் திறமைக்கு மேல் ஓடுவார். யாருக்கு எந்த இடத்தில் பயமாக இருந்தது என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். பேசக் கூச்சப்படுகிறவர்தான் பெரும்பாலும் உண்மையான ஆபத்தைப் பார்த்திருப்பார்.

நான்கு மணிக்கு மேல்

பைக்கை ஓட்டிப் பார்ப்பதும் ஊர் பார்ப்பதும் ஒன்றாக முடியவேண்டும் என்றால் கொக்கட்டிச்சோலை. கல்லடிப் பாலம் தாண்டி, காத்தான்குடி, ஆரையம்பதி வழியாகப் போய் மண்முனைப் பாலத்தில் வாவியைக் கடந்தால் கடல் பக்கத்து எழுவான்கரையிலிருந்து வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்கு வந்துவிடுவீர்கள். வயல், வாய்க்கால், எருமை, பிறகு தான்தோன்றீஸ்வரர் கோயில். போக வர 40 கிலோமீற்றருக்குள். பையில்லாமல் ஓடிப்பாருங்கள், சத்தம், பிறேக், செயின் எல்லாம் தெரிந்துவிடும். கோயிலுக்குள் போகிற எண்ணம் இருந்தால் வேட்டியோ நீளக் காற்சட்டையோ போட்டுக்கொள்ளுங்கள்.

குளிக்க ஆசைப்படுகிறவர்கள் பாசிக்குடாவுக்குப் போகலாம். 30 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். அலையில்லாத, நெடுந்தூரம் ஆழமில்லாத குடா என்பதால் நீந்தத் தெரியாதவர்களுக்கும் ஏற்ற இடம். ஆனால் அங்கே போனால் கொக்கட்டிச்சோலையை விடுங்கள், முடிந்தால் பஸ்ஸிலோ ஓட்டோவிலோ போங்கள். கல்லடிக் கடல் நடக்கவும் காற்று வாங்கவும் நல்லது, குளிக்க நம்பக்கூடாது, வாடைக்காற்று மாதங்களில் கிட்டவே போகவேண்டாம். முகத்துவாரத்தில் வாவி கடலோடு கலக்கிற இடத்தில் மேல் தண்ணீர் அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் இழுவை பலமாக இருக்கும், அங்கே இறங்கவே கூடாது. நாவலடிக் கரை 2004 சுனாமியில் மிகப் பெரிய இழப்பைக் கண்ட இடம். நினைவுத் தூபிகளுக்கு முன்னால் பைக்கை நிறுத்திச் சாகசப் படம் எடுக்காதீர்கள்.

எதற்கும் போக மனமில்லாதவர்களுக்குப் புளியந்தீவில் கோட்டையும், காந்திப் பூங்காவில் வாவியோர இருக்கைகளும் இருக்கின்றன. ஏப்ரலுக்கும் செப்டெம்பருக்கும் இடையில் நிலா நாளில் வந்தால் கல்லடிப் பாலத்தடியில் தோணிக்காரரிடம் கேளுங்கள். எஞ்சின் இல்லாத தோணியில் போய், துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்தால் வாவியின் மீன்பாட்டு என்று ஊர் சொல்லும் ஓசையைக் கேட்க வாய்ப்பு உண்டு.

இரவு: அடுத்த நாளுக்கு

ஏழு மணிக்குப் பெற்றோல் அடியுங்கள். காலையில் வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம். ஸ்கூட்டரின் டாங்கி ஐந்து லீற்றர் அளவுதான் என்பதால் குழுவின் தூரத்தை அதை வைத்தே கணக்குப் பாருங்கள்.

போகிற திசைக்கு ஏற்ப நேரம் மாறும். பொத்துவில் தாண்டி லாகுகலை, சியம்பலாண்டுவைப் பக்கம் போனாலும், ஏ11 இல் புனானை, வெலிக்கந்தைப் பக்கம் போனாலும், ஏ5 இல் மகாஓயாப் பக்கம் போனாலும் யானை கடக்கிற இடங்கள் உண்டு. அந்தத் துண்டுகளைக் காலை ஏழரைக்குப் பிறகும் பின்னேரம் ஐந்துக்கு முன்பும் கடக்கும்படி புறப்படுங்கள். யானை வீதியில் நின்றால் நூறு மீற்றர் தள்ளி நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல், ஹோர்ன் அடிக்காமல், பைக்கைத் திருப்பி வைத்துக் காத்திருங்கள்.

ஜூனிலிருந்து ஓகஸ்ட் வரை கச்சான் காற்று மேற்கிலிருந்து வீசும். தெற்கே கல்முனைப் பக்கம் போகிறவர்களை அது வீதியோரத்துக்குத் தள்ளும், வடக்கே திருகோணமலைப் பக்கம் போகிறவர்களை எதிர்வரும் வாகனத்தின் பக்கம் தள்ளும். வடக்கே போகும்போது அதனால் இடப்பக்கமாகவே ஓடுங்கள், பாலங்களில் வேகத்தைக் குறையுங்கள். காலையில் காற்றுக் குறைவு. அறுவடைக் காலங்களில் வீதி ஓரத்தில் நெல் காயப்போட்டிருப்பார்கள். அதன்மேல் பிறேக் பிடித்தால் மணலில் பிடித்ததுபோலத்தான். நவம்பர் முதல் ஜனவரி வரை என்றால் வெள்ளம் எந்த வீதியை மூடியிருக்கிறது என்று பெற்றோல் செட்டிலும் பஸ் சாரதிகளிடமும் கேட்டுவிட்டுத்தான் திட்டம் போடுங்கள்.

பையைக் கட்டி முடித்தபின் சாரதி அனுமதிப்பத்திரம், காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம் மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். எல்லார் போனிலும் 1990 சுவசெரிய அம்புலன்சும் 119 பொலிஸும் இருக்கட்டும். பத்து மணிக்குள் படுத்துவிடுங்கள்.

காலையில் புறப்பட்டு முதல் 30 கிலோமீற்றரில் ஒரு தரிப்பு வையுங்கள். தெற்கே என்றால் களுவாஞ்சிக்குடி, வடக்கே என்றால் வாழைச்சேனை. தேநீர் வருகிற நேரத்துக்குள் ஒருவர் பை வார்களை இழுத்துப் பார்க்கட்டும், இன்னொருவர் நேற்றுக் கழற்றிப் பூட்டிய ஒவ்வொரு நட்டையும், முக்கியமாகப் பின் அச்சு நட்டை, ஸ்பானர் வைத்துப் பார்க்கட்டும்.